பெயர் சொல்லுமுன் நின்ற பாட்டு

நேயர்களே, இந்தத் தொடரில் கவிஞர்களைப் பற்றியும் கதைக்காரர்களைப் பற்றியும் நிறையப் பேசியாயிற்று. இன்று ஒரு குரலைப் பற்றிப் பேசப்போகிறேன். அதுவும் இரவு விடுதியில் ஆட்டத்துக்குப் பாடிய குரல். இலக்கியத் தொடரில் டிஸ்கோ பாட்டுக்காரிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், சங்கப் பாடல்களில் விறலிக்கு என்ன வேலை என்றும் கேட்கவேண்டியிருக்கும். ஊர் ஊராய்ப் போய், அந்தந்த ஊர்ச் சபை முன்னால் நின்று பாடியும் ஆடியும் பிழைத்தவள் விறலி. நான் சொல்லப்போகிறவரும் அந்த வழியில் வந்தவர்தான்.

கதை பூவரசங்குளத்தில் தொடங்குகிறது. வவுனியாவிலிருந்து மன்னாருக்குப் போகிற வீதியில் உள்ள எங்கள் ஊர் அது. சின்ன வயதில் எங்களுக்குத் தெரிந்த முதல் வாத்தியம், பூவரசம் இலையைச் சுருட்டி நுனியை நசுக்கி ஊதுகிற பீப்பீ. கோயில் திருவிழா என்றால் ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. இவை போக மற்றச் சங்கீதம் எல்லாம் வானொலிப் பெட்டிக்குள்ளிருந்துதான் வரவேண்டும்.

1990 ஜூனில் மறுபடியும் சண்டை தொடங்கியபின் மின்சாரம் போயிற்று. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, பின்சில்லோடு உரசும் டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலி கேட்ட காலம் அது. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் அந்த வருடங்களை வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செய்திக்கென்று ஊரே கூடும். செய்தி முடிந்து பாட்டு வரும்போது பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். சுற்றுகிற வேலை சின்னவர்கள் தலையில் விழும். எங்கள் வீட்டில் அது என் தலையில் விழுந்தது. பெரியம்மாவின் மகன், என் அண்ணை, வானொலியின் திருகாணியைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் குந்தியிருப்பார். ஜாம் போத்தல் விளக்கு திண்ணையில் எரியும்.

ஒருநாள் இரவு திருச்சி வானொலியில் ஒரு பாட்டு வந்தது. மேற்கத்தியத் தாளம், இடைவிடாத முரசு. அதன் மேலே தடித்த, கொஞ்சம் கரகரத்த, உற்சாகம் பொங்கும் ஒரு குரல். அப்படியொரு குரலை நாங்கள் கேட்டதேயில்லை. "ஆரோ ஆம்பிளை பாடுறான்" என்றார் அண்ணை. "இல்லையண்ணை, பொம்பிளை மாதிரிக் கிடக்கு" என்றேன் நான். "பொம்பிளைக்கு இப்பிடிக் குரல் வருமேடா?" என்று திருப்பிக் கேட்டார். உள்ளேயிருந்த அம்மம்மா, "ஆம்பிளையுமில்லைப் பொம்பிளையுமில்லை, நிப்பாட்டிப்போட்டுப் படுங்கோ" என்று தீர்ப்புச் சொன்னா. பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பாடியவர் பெயரைச் சொல்லத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து எனக்குக் கை சோர்ந்தது. டைனமோ தளர்ந்தது, வானொலி அணைந்தது. பெயர் போய்விட்டது.

பெயரைத் தவறவிட்டதற்கு வாங்கிய ஏச்சைக்கூட மறந்திருப்பேன். அண்ணை அடுத்து ஒரு குற்றச்சாட்டு வைத்தார்: "நீ மெள்ளச் சுத்தினதாலைதான் குரல் தடிச்சுப்போச்சு. ஒழுங்காச் சுத்தியிருந்தால் அது ஆரெண்டு தெரிஞ்சிருக்கும்." நான் அதை நம்பினேன். ஒரு மனிதக் குரலை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்ற எண்ணம் பல வருடம் என்னோடு இருந்தது. வானொலி திருத்தும் ஒருவர் பின்னொரு காலம் எனக்கு உண்மையைச் சொன்னார். கசெற் என்றால் அண்ணை சொன்னது சரி. மோட்டர் தளர்ந்தால் நாடா மெதுவாக ஓடும், குரல் தடிக்கும். வானொலியில் அப்படியில்லை. சுருதி நிலையத்திலிருந்தே வருகிறது. நாங்கள் சுற்றுவது குறைந்தால் ஒலி மங்கும், கரகரக்கும், அணையும். பெண்ணின் குரல் ஆணின் குரலாக மாறாது.

பாதை திறந்த 2002இல் வவுனியாவுக்கு வந்தபோது ஒரு கசெற் கடையில் அந்தப் பாட்டு மறுபடியும் காதில் விழுந்தது. கடைக்காரர் அட்டையை எடுத்து நீட்டினார். படம் 'அஞ்சலி'. 1990இல் மணிரத்னம் எடுத்தது, இளையராஜாவின் ஐந்நூறாவது படம். பாட்டு 'வேகம் வேகம்'. பாடியவர் உஷா உதுப். அண்ணை அப்போது கடல் கடந்து தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில் இருந்தார். அன்றிரவே அவருக்குக் கடிதம் எழுதினேன். அதன் பதிலைப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் பெயரைப் பின்தொடர்ந்து போனபோது எனக்குக் கிடைத்த முதல் ஆச்சரியம், அவர் எங்கள் வானொலியின் பிள்ளை என்பது. உஷா 1947 நவம்பரில் பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் பொலிஸ் அதிகாரி. வீட்டில் கர்நாடக இசையும் இந்துஸ்தானியும் மேற்கத்திய இசையும் வானொலியில் மாறி மாறி ஒலிக்கும். பிள்ளைகள் விரும்பிக் கேட்டது இலங்கை வானொலி. அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து சிற்றலையில் போன இந்தி, ஆங்கில நிகழ்ச்சிகள் இந்தியா முழுவதையும் கட்டிப்போட்டிருந்தன. நிகழ்ச்சிகளைப் பம்பாயில் ஒலிப்பதிவு செய்து, நாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்பி, இங்கிருந்து ஒலிபரப்புவார்கள். அவற்றில் ஒன்றான ஓவல்ரின் இசை நிகழ்ச்சியில் உஷா பாடியபோது அவருக்கு வயது ஒன்பது. அவருடைய முதல் மேடை நமது வானொலி என்று சொல்லலாம். நாங்கள் பூவரசங்குளத்து முற்றத்தில் சைக்கிள் சுற்றிக் கேட்ட குரல், அதற்கு முப்பது வருடங்களுக்கு மேல் முந்தி, இலங்கையின் காற்றலையில் ஒரு குழந்தைக் குரலாகப் போயிருக்கிறது.

ஆனால் பள்ளிக்கூடம் அந்தக் குரலை ஏற்கவில்லை. சங்கீத வகுப்பில் மற்றப் பெண்பிள்ளைகளோடு இவர் குரல் சேரவில்லை என்று வகுப்பிலிருந்து வெளியே விட்டார்கள். பிள்ளைக்குள் இசை இருக்கிறது என்று கண்ட ஆசிரியை, கையில் தட்டுகிற சின்னத் தாள வாத்தியங்களைக் கொடுத்து ஓரமாய் இருத்திவைத்தாராம். இதை உஷாவே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். கேட்கிற எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணை சொன்னதும் அதே வார்த்தைதானே!

பெண் குரல் என்றால் எப்படியிருக்கவேண்டும் என்பதில் நம்மவர்களுக்கு நீண்ட காலமாக ஒரு கணக்கு உண்டு. மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்பதால் கே.பி. சுந்தராம்பாள் காலத்தில் உச்சத்தில் பாடினார்கள். அது தேவையாய் இருந்தது. மைக் வந்தபின்பும் உச்சம் போகவில்லை. இப்போது அது மென்மைக்கும் அடக்கத்துக்கும் அடையாளமாகிவிட்டது. சினிமாவில் கதாநாயகி மெல்லிய குரலில் பாடுவாள். தடித்த, அதிர்கிற குரல் கிளப் நடனக்காரிக்கு ஒதுக்கப்படும். கச்சேரி மேடையில் டி.கே. பட்டம்மாளின் கனத்த குரலைக் கொண்டாடியவர்களே சினிமாவில் அந்தக் கனத்தை நாயகிக்குக் கொடுக்கமாட்டார்கள்.

கிளப் பாட்டு என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வருபவர் எல்.ஆர். ஈஸ்வரி. 1969இல் வந்த 'சிவந்த மண்'ணில் அவர் பாடிய 'பட்டத்து ராணி'யை மறந்தவர் யார்? ஆனால் திரையில் நாம் பார்த்தது வேறொருவரின் உடம்பை. பாடியவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேலையோடு நின்று பாடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். குரலையும் முகத்தையும் பிரித்துவைப்பது நம் சினிமாவின் பழைய தொழில். 1938இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்திலேயே லலிதா வெங்கட்ராமனின் குரலை இன்னொருவருக்குப் பொருத்தினார்கள். இந்தியில் 1949இல் 'மஹல்' படத்துக்கு லதா மங்கேஷ்கர் பாடிய புகழ்பெற்ற பாட்டின் இசைத்தட்டில் பாடியவர் பெயர் 'காமினி' என்று இருந்தது. காமினி அந்தப் படத்தின் கதாபாத்திரம்! பாடியது யார் என்று வானொலி நேயர்கள் கடிதம் எழுதிக் கேட்டபின்தான் லதாவின் பெயர் வெளியே வந்தது.

'சிவந்த மண்' வந்த அதே காலத்தில், சென்னை மவுண்ட் ரோட்டில் சஃபையர் திரையரங்கக் கட்டடத்தின் அடியில் 'நைன் ஜெம்ஸ்' என்றொரு இரவு விடுதி இருந்தது. இருபது வயது கடந்த ஒரு தமிழ்ப் பெண் அங்கே மேடையேறினார். சேலைதான் கட்டியிருந்தார். சினிமாவில் கிளப் பாடகி என்றால் உடுப்பு எப்படியிருக்கும் என்று பார்த்துப் பழகிய கண்களுக்கு அது அதிர்ச்சி. பாடியது ஆங்கிலப் பாட்டு. கூட்டத்துக்குப் பிடித்துவிட்டது. தொடர்ந்து ஒரு வாரம் பாடும்படி விடுதிக்காரர் கேட்டுக்கொண்டார். அங்கிருந்து கல்கத்தாவின் பார்க் தெருவில் இருந்த 'ட்ரிங்காஸ்' விடுதிக்கு. 1969இலிருந்து அதுவே அவர் களமாயிற்று. கோட்டயத்தைச் சேர்ந்த ஜானி சாக்கோ உதுப்பைச் சந்தித்ததும் அங்கேதான். அதுவரை இசைத்தட்டுகளில் உஷா ஐயராக இருந்தவர் உஷா உதுப் ஆனார்.

அந்தச் சேலையைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் பெண்கள் சேலை கட்டினார்கள், அதனால் நானும் கட்டினேன் என்பதே அவர் பல தடவை சொன்ன விளக்கம். எனக்கு அந்த எளிமை பிடித்திருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு, தலையில் பூ, கை நிறைய வளையல், நெற்றியில் பெரிய பொட்டு. பின்னாளில் அந்தப் பொட்டுக்குள் கல்கத்தாவைக் குறிக்கும் வங்காளக் 'க' எழுத்தும் வந்தது. கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட மாமியின் கோலத்தில் நின்று ஜாஸும் பொப்பும் பாடினார். கூத்தாடுகிறவளுக்கு ஓர் உடுப்பு, குடும்பத்துப் பெண்ணுக்கு ஓர் உடுப்பு என்று மாதவி காலம் தொட்டு நாம் வைத்திருந்த பிரிவினை அந்த மேடையில் குழம்பிப்போயிற்று. குடும்பத்தோடு விடுதிக்கு வந்து பாட்டுக் கேட்கிற பழக்கம் அவரால் வளர்ந்தது என்று சொல்வார்கள்.

சினிமா அவரைக் கூப்பிட்டது. 1971இல் வந்த 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா'வின் 'தம் மாரோ தம்' முதலில் தமக்கென்றே யோசிக்கப்பட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். கடைசியில் அது ஆஷா போஸ்லேயின் பாட்டாயிற்று. உஷாவுக்கு அதே படத்தில் ஆங்கில வரிகள் கிடைத்தன. அடுத்த பத்து வருடமும் இப்படித்தான். கதாநாயகிக்கு அவர் குரல் பொருந்தாது என்றே இசையமைப்பாளர்கள் நினைத்தார்கள். தமிழில் ஏ.பி. நாகராஜனின் 'மேல்நாட்டு மருமகள்' 1975இல் அவரை அழைத்தபோதும் ஆங்கிலப் பாட்டுத்தான் பாடவைத்தது. 1980இல் ஆட்ட அலை வந்தது. பப்பி லஹிரியின் இசையில் 'ஹரி ஓம் ஹரி', 1981இல் 'ரம்பா ஹோ', 1982இல் 'டிஸ்கோ டான்சர்' படப் பாட்டு. கதாநாயகிக்கு உதவாது என்ற குரல் ஆட்டக்களத்துக்கு அளந்து செய்ததுபோல இருந்தது. முரசும் மின்கருவிகளும் முழங்கும்போது மெல்லிய குரல் அவற்றுக்குள் மூழ்கிவிடும். தடித்த குரல் மேலே மிதக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. பம்பாய் டிஸ்கோவுக்கு ஆடத் தொடங்கிய அந்த வேளையில் அமெரிக்கா அதைப் புதைத்துக்கொண்டிருந்தது. 1979 ஜூலை 12ஆம் திகதி சிக்காகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைப் பெட்டியில் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆனால் அதே நகரத்தில் 'வெயர்ஹவுஸ்' என்ற விடுதியில், 1977இல் நியூயோர்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் என்பவர் பழைய டிஸ்கோ தட்டுகளை வெட்டி ஒட்டி, நீட்டி, மின்முரசு சேர்த்து, விடிய விடியப் போட்டுக்கொண்டிருந்தார். கறுப்பின இளைஞர்கள் கூடிய இடம் அது. வெயர்ஹவுஸில் போடுகிற இசை என்பது சுருங்கி 'ஹவுஸ்' ஆயிற்று. இன்று உலகம் முழுவதும் ஆடுகிற இசை அது. பம்பாயில்கூட அதன் தூரத்து உறவு ஒன்று தற்செயலாகப் பிறந்தது. சரண்ஜித் சிங் என்ற சினிமாக் கலைஞர் 1982இல் பத்து ராகங்களை மின்கருவிகளில் டிஸ்கோத் தாளத்தோடு வாசித்து ஓர் இசைத்தட்டுப் போட்டார். வாங்குவார் இல்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோது, ஹவுஸின் ஒரு கிளையைச் சிக்காகோவுக்கு முன்பே தொட்டுவிட்டாரே என்று மேல்நாட்டார் வியந்தார்கள்.

ஹவுஸ் இசைக்கும் உரத்த பெண் குரல் தேவைப்பட்டது. அது தேவாலயங்களிலிருந்து வந்தது. லொலீற்றா ஹொலொவே 1946 நவம்பரில் பிறந்த சிக்காகோப் பெண். உஷாவுக்கு ஒரு வயது மூத்தவர். தேவாலயப் பாட்டில் வளர்ந்து டிஸ்கோவுக்கு வந்தவர். 1980இல் அவர் பாடிய ஒரு பாட்டிலிருந்து துண்டுகளை வெட்டி, 'பிளாக் பொக்ஸ்' என்ற இத்தாலியக் குழு 1989இல் 'ரைட் ஒன் ரைம்' என்ற ஹவுஸ் பாட்டைச் செய்தது. அது பிரித்தானியாவில் ஆறு வாரம் முதலிடத்தில் நின்றது. தட்டில் ஹொலொவேயின் பெயர் இல்லை. தொலைக்காட்சியில் ஒல்லியான ஓர் அழகி வாயசைத்தார். ஹொலொவே சட்டத்தை நாடிய பிறகே இழப்பீடு கிடைத்தது. 1990இல், அதாவது 'அஞ்சலி' வந்த வருடம், மார்த்தா வோஷ் என்ற இன்னொரு பெரிய குரலுக்கும் இதே கதி. அவர் பாடிய ஆட்டப் பாட்டுக்கு ஒளிப்படத்தில் வாயசைத்தவர் வேறொருவர். உருவம் பெருத்தவர் என்பதால் மறைத்தார்கள் என்று மார்த்தா சொன்னார். வழக்குப் போட்டார். பாடியவர் பெயரைக் குறிப்பிடவேண்டும் என்ற ஒழுங்கு அமெரிக்க இசைத்தட்டு உலகில் வலுப்பெற்றதற்கு அவருடைய வழக்குகளும் காரணம்.

இந்த அமெரிக்கக் கதையைப் படித்தபோதுதான் உஷா உதுப் செய்த காரியத்தின் அளவு எனக்குப் பிடிபட்டது. ஹொலொவேயின் குரல் எடுபட்டது, முகம் தள்ளப்பட்டது. உஷாவின் குரலுக்கும் சினிமா அதையே செய்தது. எத்தனையோ நடிகைகளின் வாய்க்கு அதைக் கொடுத்தது. ஆனால் அவருக்குச் சினிமாவுக்கு வெளியே ஒரு மேடை இருந்தது. 1969இலிருந்து அதை அவர் விடவில்லை. அந்த மேடையில் குரல் வேறு ஆள் வேறு என்று பிரிக்க எவராலும் முடியாது. பாடினால் அந்தச் சேலையோடும் அந்தப் பொட்டோடும்தான். பதினைந்துக்கு மேற்பட்ட இந்திய மொழிகளிலும், கென்யாவில் சுவாஹிலியிலும் அப்படியே நின்று பாடினார்.

அந்த மேடையையும் பறிக்கப் பார்த்தார்கள். எண்பதுகளின் முற்பகுதியில் மேற்கு வங்காள அமைச்சர் ஜதின் சக்கரவர்த்தி, உஷாவின் பாட்டு பண்பாட்டுச் சீரழிவு என்று சொல்லி அரசாங்க மண்டபங்களில் அவர் பாடுவதைத் தடுத்தார். 'அபசம்ஸ்கிருதி' என்பது அவர்கள் சொன்ன வார்த்தை. உழைக்கும் மக்களின் பெயரால் ஆண்ட ஓர் அரசு, தன் உழைப்பில் வாழ்ந்த ஒரு பாட்டுக்காரியை இப்படித் தள்ளிவைத்தது வெட்கம். உஷா நீதிமன்றம் போனார், வென்றார், கல்கத்தாவிலேயே இருந்து தொடர்ந்து பாடினார்.

பிறகு நடந்தவை நேயர்கள் பத்திரிகைகளில் படித்தவைதான். 2010இல் 'மன்மதன் அம்பு'வில் நடித்தார். 2011இல் பத்மஸ்ரீ. அதே வருடம் வெளிவந்த '7 கூன் மாஃப்' படத்தில் ரேகா பரத்வாஜோடு பாடிய 'டார்லிங்' பாட்டுக்குப் பிலிம்ஃபேர் விருது. இந்திச் சினிமாவுக்கு முதன்முதல் பாடி நாற்பது வருடத்துக்குப் பிறகு! 2011 மார்ச்சில் சிக்காகோவில் லொலீற்றா ஹொலொவே காலமானார். 2024இல் உஷாவுக்குப் பத்மபூஷண் அறிவித்தார்கள்.

அண்ணையின் பதில் மூன்று மாதம் கழித்து வந்தது. நீல வான்கடிதம். முகாமில் நாலு குடும்பத்துக்கு ஒரு தொலைக்காட்சி என்றும், அதில் அவவைப் பார்த்ததாகவும் எழுதியிருந்தார். பட்டுச்சேலை, பெரிய பொட்டு, எங்கட சின்ன மாமியைப் போலவே இருந்தாவாம். வாயைத் திறந்து பாடத் தொடங்கினதும் எழும்பி நின்றுவிட்டாராம். கடிதத்தின் மடிப்பில், ஒட்டுகிற பசைக்குப் பக்கத்தில், இடமில்லாமல் நெருக்கி எழுதியிருந்தார்: "அண்டைக்கு நீ ஒழுங்காத்தான் சுத்தினனீ. கை நொந்திருக்கும் என்ன?"